கருமருந்தும் புகையிலா மருந்தும்

ஆயுத பூஜையன்று எங்கள் ஊர் வீட்டில் கொழு, அரிவாள், மரக்கால், தராசு ஆகியவற்றின் வரிசையில் ஒரு பழைய துப்பாக்கியும் சுவரோரமாகச் சாத்தி வைக்கப்படும். அதற்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் உண்டு. கல்வராயன் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்கு அஞ்சி அஞ்சிப் பயிர் செய்த என் தாய்மாமன், உரிமம் பெற்று வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி அது. பின்புறத்தைத் திறந்து தோட்டாவைச் செருகும் வகை அன்று. குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ரவையையோ குண்டையோ இட்டு, இரும்புக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் பழைய வகை.

1992-ஆம் ஆண்டில் ஒருநாள் இரவு அத்துப்பாக்கியின் குழல் மாமாவின் கையிலேயே பிளந்தது. இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. கண் தப்பியது குலதெய்வத்தின் அருள் என்றனர் பெரியோர். அன்று அவர் குழலில் இட்டது வழக்கமான கருமருந்து அன்று. நண்பர் ஒருவர் கொடுத்த புதிய தோட்டாக்களைப் பிரித்து எடுத்த மருந்து. "மருந்து நல்ல மருந்துதான் மாப்பிள்ளை, குழல்தான் பழசு" என்று மாமா பிற்காலத்தில் என்னிடம் பலமுறை கூறியதுண்டு. அது உண்மைதானா என்று அறியும் ஆவல் சிறு வயதிலேயே என் மனத்தில் விழுந்தது. அதன் பயனாகப் படித்தறிந்த வரலாற்றையே இங்கு எழுதத் துணிந்தேன்.

குடும்பத்தார் படிக்கும் ஆண்டுவிழா மலரில் துப்பாக்கியைப் பற்றி எழுதுவது தகுமா என்று முதலில் ஐயுற்றேன். ஆயினும் நம் காலனியில் உள்ளோர் பலருக்கும் ஊரில் பழைய வீடு உண்டு. பழைய வீட்டுக்குப் பரண் உண்டு. பரணில் என்ன கிடக்கிறது என்பதைப் பாட்டன்மாரே அறிவர். விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் பிள்ளைகளின் கைக்கு அது எட்டும்முன் இச்செய்தி அவர்கள் காதுக்கு எட்டுவது நன்று.

கருமருந்தின் குணம்

உடலின் நோயைத் தீர்ப்பதையும் மருந்து என்கிறோம். உயிரையே தீர்த்துவிடும் வெடிப்பொடியையும் மருந்து என்கிறோம். இரண்டிலும் அளவே உயிர்நாடி என்பதை நம் முன்னோர் இச்சொல்லிலேயே உணர்த்திவிட்டனர் போலும்!

சீனத்தில் ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டில் தோன்றிய கருமருந்து, வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றன் கலவை. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற அளவு. வெடியுப்புக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது நம் நாட்டுப் பீகார். கிழக்கிந்தியக் கம்பெனியார் பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாக அதனை ஏற்றிச் சென்றனர். 1787-ஆம் ஆண்டில் வங்காளத்து இஷாப்பூரில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் நிறுவினர்.

இம்மருந்து எரிந்தபின் என்ன ஆகிறது என்பதை நோபிள், ஏபெல் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் ஆராய்ந்து 1875-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எடையில் நூற்றுக்கு 43 பங்கே வாயுவாகிறது. எஞ்சிய 57 பங்கு திடப்பொருளாகவே நின்றுவிடுகிறது. போர்க்களத்தை மூடிய வெண்புகையும், குழலின் உட்புறத்தில் படியும் கரியும் அந்த 57 பங்கின் வேலைதான். பாதிக்கு மேல் வீணாகும் மருந்து என்று இதனை இகழலாம். ஆனால் இதனிடம் ஒரு நற்குணம் உண்டு. அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏறினாலும், இது எரியும் வேகம் மட்டுமீறி ஏறுவதில்லை. ஆகவே ஒரு சிட்டிகை முன்பின்னாக விழுந்தாலும் நல்ல குழல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகள் யாவும் இக்குணத்தை நம்பியே செய்யப்பட்டன. கொல்லன் அடித்த இரும்புக் குழல், அதன் அடியில் திருகிய ஓர் அடைப்பு, நெருப்புச் செல்ல ஒரு சிறு துளை, இவ்வளவே அதன் அமைப்பு.

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்கு ஒரு காரணமாக நாம் பள்ளியில் படித்த கொழுப்புத் தடவிய தோட்டா, இவ்வகையைச் சேர்ந்த 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது. அக்காகிதத் தோட்டாவில் இருந்தது ஏறத்தாழ 68 கிரெயின், அதாவது சுமார் 4.4 கிராம் கருமருந்து. சிப்பாய் அதனைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழல்வாயில் கொட்டி, குண்டை இட்டு இடிக்க வேண்டும். இந்த 68 கிரெயின் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக, பின்னர் பயன்படும்.

பஞ்சு வெடித்த கதை

சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் ஷோன்பைன் என்னும் இரசாயனப் பேராசிரியர் இருந்தார். 1845-ஆம் ஆண்டில் அவர் தம் வீட்டுச் சமையலறையில் அமிலங்களை வைத்துச் சோதனை செய்தபோது குப்பி சிந்தியதாகவும், மனைவியாரின் பருத்தி மேலாடையால் அதனைத் துடைத்து அடுப்பருகே உலர்த்தியதாகவும், அத்துணி திடீரெனப் பற்றிச் சுவடின்றி மறைந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்த பருத்தி, கருமருந்தினும் பன்மடங்கு வேகமுடைய வெடிபொருளாகும் என்பதை 1846-இல் அவர் உலகுக்கு அறிவித்தார். அதற்கு வெடிபஞ்சு என்று பெயர். புகையும் இல்லை, கரியும் இல்லை.

ஐரோப்பிய நாடுகளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. கையில் இருந்த துப்பாக்கிகளோ பெரும்பாலும் கருமருந்துக்கென அமைந்த வாய்வழித் துப்பாக்கிகள். அவற்றிலேயே வெடிபஞ்சை இட்டுச் சுட்டுப் பார்த்தனர். குண்டு நகர்ந்து இடம்விடும் முன்னரே பஞ்சு முழுவதும் வாயுவாகிவிட்டது. குழல்கள் பிளந்தன. என் மாமா 1992-இல் செய்ததை மேல்நாட்டு அறிஞர்கள் 1846-லேயே செய்து பார்த்துவிட்டனர் என்பது இதனால் விளங்கும்.

அதனைச் செய்த ஆலைகளும் தப்பவில்லை. 1847-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் என்னும் ஊரில் வெடிபஞ்சு ஆலை வெடித்து ஏறத்தாழ இருபது தொழிலாளர் மாண்டனர். பிரான்சிலும் விபத்துகள் நேர்ந்தன. ஆஸ்திரியா மட்டும் விடாது முயன்றது. அங்கும் 1862-லும் 1865-லும் கிடங்குகள் வெடிக்கவே அம்முயற்சி கைவிடப்பட்டது. பஞ்சின் நுண்ணிய இழைகளுக்குள் தங்கிவிடும் அமிலமே அது தானாகவே கெட்டு வெடிப்பதற்குக் காரணம் என்று கண்டு, அதனைக் கூழாக அரைத்துக் கழுவும் முறையை 1865-இல் வகுத்தவர் மேற்கூறிய ஏபெல். இதனால் கிடங்கில் வைப்பது பாதுகாப்பாயிற்று. ஆனால் குழலில் இடும்போது அதன் மூர்க்கம் தணியவில்லை.

மூர்க்கம் தணிந்த விதம்

தணித்தவர் பால் வியேல் என்னும் பிரெஞ்சுக்காரர். 1884-ஆம் ஆண்டில் அவர் வெடிபஞ்சை ஈதரும் ஆல்கஹாலும் கலந்த நீர்மத்தில் பிசைந்து களியாக்கி, அப்பளம்போல் மெல்லிய தகடாகத் தேய்த்து, சிறு துண்டுகளாக நறுக்கி உலர்த்தினார். பஞ்சில் நெருப்பு இழைகளுக்கு இடையே எங்கும் ஒரே நொடியில் புகுந்துவிடும். இத்துண்டிலோ மேற்புறத்திலிருந்து ஒவ்வொரு படலமாகவே எரிந்தாக வேண்டும். துண்டின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் எரியும் நேரத்தை மனிதன் தன் விருப்பப்படி அமைக்கலாயிற்று. பிரெஞ்சுப் படை 1886-இல் இதற்கென்றே லெபெல் என்னும் புதுத் துப்பாக்கியைச் செய்துகொண்டது. ஆல்ஃபிரட் நோபெல் 1887-இல் பாலிஸ்டைட் என்னும் மருந்தையும், ஏபெலும் ஜேம்ஸ் டூவாரும் 1889-இல் கார்டைட் என்னும் மருந்தையும் கண்டனர். நைட்ரோ கிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் அச்சின் துளை வழியே கயிறாகப் பிழிந்தெடுத்தது கார்டைட். கயிறு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயருக்கு அடி.

இவ்விடத்தில் வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த நாடும் பழைய வாய்வழித் துப்பாக்கியில் இப்புதிய மருந்தை இடவில்லை. மருந்து மாறியபோது துப்பாக்கியும் மாறியது. உருக்கினால் செய்த குழல், பின்புறம் தாழிட்டு மூடும் வலிய பூட்டு, பித்தளைத் தோட்டா ஆகியவை கொண்ட துப்பாக்கிகளிலேயே அதனை இட்டனர்.

இதற்கு ஆங்கிலேயரின் .303 தோட்டாவே தக்க சான்று. 1888-இல் முதன்முதலில் வந்தபோது அதனுள் இருந்தது கருமருந்துதான். ஏறத்தாழ 70 கிரெயின். குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1850 அடி வேகத்தில் சென்றது. சில ஆண்டுகளில் அதே தோட்டாவுக்குள் கார்டைட் புகுந்தது. வைத்தது ஏறத்தாழ 31 கிரெயின் மட்டுமே. வேகமோ ஏறத்தாழ 1970 அடியாக உயர்ந்தது. அதாவது எடை பாதிக்கும் கீழே இறங்கியது, வேலையோ கூடிற்று! அதற்குக் குழல் கொடுத்த விலையும் சிறிதன்று. கருமருந்துக்கென வெட்டிய லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் உட்புறச் சுழல்பள்ளங்கள் கார்டைட்டின் கடுஞ்சூட்டில் விரைவில் தேய்ந்தன. ஆகவே 1895-இல் ஆழமான பள்ளங்களுடன் லீ-என்ஃபீல்டு வந்தது. அரசாங்கத்தின் உருக்குக் குழலுக்கே இக்கதி என்றால், ஊர்க் கொல்லன் அடித்த குழலின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

புகையின்மை போரையே மாற்றிவிட்டது. 1899-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கொலென்சோவில் போயர்கள் சுட்ட மௌசர் துப்பாக்கிகளில் புகை எழவில்லை. எங்கிருந்து சுடுகிறார்கள் என்பதே ஆங்கிலப் படைக்குத் தெரியவில்லை. அப்போரில் காயமுற்றோரைத் தூளியில் சுமந்தவர்களுள், காந்தியடிகள் முன்நின்று திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினர் ஏறத்தாழ 1100 பேர் இருந்தனர். நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற நம்மவரும் அவர்களுள் அடங்குவர்.

நீலகிரியில் கார்டைட்

இம்மருந்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கிய மலை இரயில், 1908-இல் உதகையை எட்டியது. குன்னூருக்கு மேலே வெலிங்டனைக் கடந்தால் அடுத்த நிலையம் அருவங்காடு. அங்கு 1903-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதே இந்தியாவின் கார்டைட் தொழிற்சாலை. அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீர்விசையால் மின்சாரம் எடுத்து அத்தொழிற்சாலைக்குக் கொடுத்தனர். நம் நாட்டின் தொடக்ககால நீர்மின் நிலையங்களுள் அதுவும் ஒன்று. உதகைக்குச் சுற்றுலா சென்ற நம் சங்கத்துக் குடும்பங்கள் அந்நிலையத்தைக் கடந்தே சென்றிருப்பீர்கள். படைக்கலத் தொழிற்சாலைகளின் பழைய வாரியம் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபின், அருவங்காடு தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தைச் சேர்ந்தது.

குழல் பிளப்பது ஏன்?

இனி மாமாவின் துப்பாக்கிக்கு வருவோம். நண்பர் கொடுத்த மருந்தில் ஒரு சிட்டிகையை அவர் முதலில் அம்மிக்கல்லின்மீது வைத்துக் கொளுத்திப் பார்த்தாராம். கருமருந்தாயின் குப்பென்று ஒரே கணத்தில் போய்விடும். இதுவோ மஞ்சள் சுடருடன் மெல்ல மெல்ல எரிந்தது. "சோம்பேறி மருந்து" என்று அதற்கு அவர் பெயரிட்டார். அன்றிரவு பாதி அளவு இட்டுச் சுட்டார், ஒன்றும் ஆகவில்லை, புகையும் இல்லை. மறுநாள் இரவு, கருமருந்துக்கு வழக்கமாகக் கொள்ளும் அதே மூங்கில் குப்பி நிறைய அளந்து கொட்டினார்.

இதில் மூன்று பிழைகள் அடங்கியுள்ளன. அம்மூன்றும் அவருக்கு மட்டும் உரியன அல்ல. உலகெங்கும் இவ்வகை விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவன.

முதலாவது, திறந்தவெளிச் சோதனை. புகையிலா மருந்து திறந்த வெளியில் சோம்பேறிதான். ஆனால் அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறும். வேகம் ஏற ஏற அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இரண்டும் ஓடும். மூடியில்லாத பாத்திரத்தில் கொதிக்கும் நீரைப் பார்த்துவிட்டுக் கொதிகலனின் வலிமையை அளவிட முடியுமா? கருமருந்து வாய்வழித் துப்பாக்கியில் உண்டாக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில டன்களே. போர்த் துப்பாக்கியில் கார்டைட் உண்டாக்குவதோ 15 டன்னுக்கும் மேல். அதுவும் சரியாக அளந்து இட்டால்!

இரண்டாவது, குப்பியால் அளந்தது. கருமருந்தைக் கொள்ளளவால் அளப்பது மரபு. புகையிலா மருந்தைத் தராசில் நிறுத்தே இடவேண்டும். பன்னிரண்டு போர் வேட்டைத் தோட்டாவில் கருமருந்து ஏறத்தாழ 80 கிரெயின் இடுவது வழக்கம். அதே வேலைக்கு அடர்ந்த புகையிலா மருந்து அதில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் போதும். முன்னர்க் கூறிய 68 கிரெயின் குப்பியில் இதனை நிறைத்தால் வேண்டுவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விழுந்துவிடும். இக்குழப்பம் படித்தவர்களையும் விடவில்லை. 1864-ஐ ஒட்டி ஷுல்ட்சே என்னும் பிரஷ்ய அதிகாரி மரத்தூளிலிருந்து செய்த மருந்து முதலிய தொடக்ககால வேட்டை மருந்துகள், கருமருந்தின் அதே கொள்ளளவில் இடத்தக்கவையாகப் பருமனாகச் செய்யப்பட்டன. பின்னர் அடர்ந்த வகைகள் வந்தபோது, பழைய பழக்கத்தில் அவற்றையும் குப்பியால் அளந்தவர்களின் துப்பாக்கிகள் வெடித்தன. 'புகையிலா மருந்து' என்ற ஒரே பெயருக்குள் வேகத்தால் வேறுபட்ட பல மருந்துகள் இருப்பதை அவர்கள் உணரவில்லை.

மூன்றாவது, 'நேற்று ஒன்றும் ஆகவில்லையே' என்ற நம்பிக்கை. அளவு மீறிய அழுத்தத்தைத் தாங்கிய இரும்பு, வெளிப்பார்வைக்கு வடுவின்றி உள்ளே தளர்ந்து நிற்கும். கருமருந்தின் உப்புக் கரி பல்லாண்டு அரித்த அடிப்பகுதியாயின் இன்னும் மோசம். முதல் நாள் பிழைத்தது மறுநாளுக்குச் சான்றாகாது. மறுநாள் நேரப்போவதற்கு அது ஆயத்தமாகவும் இருக்கலாம்.

பட்டாசைப் பிரித்து அம்மருந்தை இடுவோரும் உளர். அலுமினியப் பொடி கலந்த அம்மருந்து குண்டைத் தள்ளுவதற்காக அன்று, ஓசையுடன் உடைவதற்காகவே சேர்க்கப்பட்டது. அதனைக் குழலில் இடுவது, குழலையே பட்டாசுச் சுருளாக்குவதாகும்.

சட்டமும் முத்திரையும்

இரயில்வேயில் அபாயகரமான சரக்குகளுக்கென 'ரெட் டாரிஃப்' என்னும் விதிநூல் உண்டு. எழுத்தர் வேலையில் அதனைப் புரட்ட நேர்ந்தபோதுதான் வெடிபொருள்களின் வகைப்பாட்டை அறியும் ஆவல் பிறந்தது. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் கருமருந்து முதல் வகுப்பு. நைட்ரோ சேர்மங்கள் மூன்றாம் வகுப்பு. சட்டமே இரண்டையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கவில்லை! இங்கிலாந்தின் சோதனைச் சாலைகளும், புகையிலா மருந்தால் சோதித்துத் தேறிய குழல்களுக்கு 'நைட்ரோ' என்று தனி முத்திரை இடத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அம்முத்திரை இல்லாத பழங்குழல் கருமருந்துக்கு மட்டும் உரியது என்பது பொருள்.

விதிவிலக்கே இல்லையா எனின், உண்டு. அமெரிக்காவில் சேவேஜ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டையொட்டி, புகையிலா மருந்துக்கென்றே வலிய உருக்கால் வடிவமைத்த வாய்வழித் துப்பாக்கி ஒன்றை வெளியிட்டது. அதற்கும் குறிப்பிட்ட மருந்து, குறிப்பிட்ட எடை, குறிப்பிட்ட குண்டு என்று கண்டிப்பான அட்டவணை உண்டு. அந்த ஒன்றைக் காட்டி மற்றெல்லாவற்றிலும் இடலாம் என்பது, மின்சார எஞ்சின் ஓடுகிறதென்று நீராவி எஞ்சினுக்கு மின்கம்பியை இணைப்பது போன்றது.

முடிவுரை

மாமா கூறியது பாதி உண்மை. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் குழலும் தன் காலத்துக்கு நல்ல குழல்தான். மூன்று தலைமுறை உழைத்தது. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டைச் சேர்த்ததே பிழை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. அளவு சரியாயினும் கலம் மாறினால் நஞ்சாகும் என்பது இவ்வரலாறு கற்பிப்பது. ஃபேவர்ஷாமிலும் ஆஸ்திரியாவிலும் உயிரைக் கொடுத்து மனிதர் பெற்ற இப்பாடம் எங்கள் ஊருக்கு வந்து சேராததனால், 146 ஆண்டுகளுக்குப் பின் என் மாமா அதனை இரண்டு விரல்களைக் கொடுத்து மீண்டும் வாங்க நேர்ந்தது.

ஊரில் உங்கள் பரணில் இத்தகைய பழம்பொருள் இருப்பின், அதனைப் பிள்ளைகள் கையில் விடாதீர்கள். குழலுக்குள் பாட்டனார் காலத்து மருந்து இன்னும் கெட்டிக்கப்பட்ட நிலையிலேயே இருக்கக்கூடும். கருமருந்து ஈரம் படாதிருந்தால் வயதினால் செத்துப்போவதில்லை. உரிமம் இருப்பின் புதுப்பித்து, அறிந்தவரிடம் காட்டிச் சோதியுங்கள். இல்லையேல் காவல் நிலையத்தாரிடம் முறைப்படி ஒப்படையுங்கள். பூஜையில் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல்: எங்கள் வீட்டில் இப்போது அவ்வரிசையில் கொழுவும் அரிவாளும் தராசும் மட்டுமே இருக்கின்றன. மாமாவின் மூன்று விரல் கையே அவற்றுக்குச் சந்தனம் இடுகிறது. பூஜையில் குறை ஏதும் நேர்ந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.